துரு வெள்ளாமை

வாங்க மாப்ள, வாங்க. நோம்பிக்கு வந்தவங்க மாமனை எட்டிப் பாக்காம பெங்களூர் பஸ் ஏறிருவீங்களோன்னு நெனச்சேன். உக்காருங்க. கயித்துக் கட்டல்தான், தாங்கும்.

நேத்து உங்க சாளைப் பக்கம் போயிருந்தேன். "அண்ணா, பையன் போன தடவை வந்தப்ப டிராக்டருக்கு ஏதோ வைத்தியம் பண்ணிட்டுப் போனான், ஒரு நடை பாருங்க"ன்னு எந்தங்கச்சி சொல்லி உட்டுது. போய்ப் பாத்தேன். சும்மா சொல்லக் கூடாது மாப்ள, அசந்துபோயிட்டேன்.

நம்ம காங்கேயம் சீமையில மஞ்சள் வெச்சுப் பொழைச்சவன் உண்டு, புகையிலை நட்டுக் கெட்டவன் உண்டு, தென்னை போட்டுட்டு வானத்தைப் பாத்தவன் உண்டு. இரும்புக்குள்ள வெள்ளாமை வெச்சவரு நீங்க ஒருத்தர்தான். அதுவும் துரு வெள்ளாமை! களையெடுக்க ஆள் வேண்டாம். மயிலு வந்து கொத்தாது. உரக்கடையில கடன் சொல்ல வேண்டியதில்ல. வெதைச்சுட்டு ஊருக்குப் போனாப் போதும், அது பாட்டுக்கு ராத்திரி பகல்னு பாக்காம வளரும். அறுவடைக்கு நீங்க வரக்கூட வேண்டாம், பழைய இரும்புக் கடைக்காரன் வண்டியோட வாசலுக்கே வந்து அள்ளிக்குவான். எங்க காலத்துல அதுக்குப் பேரீச்சம்பழம் குடுத்தாங்க. இப்ப காசாக் குடுக்கறாங்க, பழம் இல்ல. அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்.

சிரிக்காதீங்க மாப்ள. பண்ணயம்னு எறங்குனா முறையாப் பண்ணோணும். நீங்க தெரிஞ்சு பண்ணுனீங்களோ தெரியாம பண்ணுனீங்களோ, இந்தப் பயிருக்கு வேண்டிய பக்குவம் முச்சூடும் கூடி வந்திருக்குது. அதை ஒவ்வொண்ணாச் சொல்றேன், கேட்டுக்கோங்க. நாளைக்கு ஆராவது பேட்டி எடுக்க வந்தா நீங்க முழிக்கக் கூடாது பாருங்க.

துருவுக்கு மூணு வேணும். நெலம், தண்ணி, காத்து. நெலம்ங்கறது இரும்பு. உங்க இன்ஜின் பிளாக்கு வார்ப்பிரும்பு, அதைவிட நல்ல நெலம் கெடைக்காது. இந்த மூணுல எது ஒண்ணு இல்லாட்டியும் பயிர் ஏறாது. காஞ்ச காத்துல இரும்பு சும்மா கெடக்கும். காத்தே பூராத தண்ணிக்குள்ள முழுகிக் கெடந்தாலும் துரு நோஞ்சானாத்தான் வரும். நம்பிக்கை இல்லீன்னா உங்க கெணத்துல எறங்கியிருக்கற இரும்புப் பைப்பைப் பாருங்க. எந்நேரமும் தண்ணிக்கு அடியில கெடக்கற பாகம் ஓரளவு நல்லாத்தான் இருக்கும். தண்ணி மட்டம் ஏறி எறங்கற எடம் இருக்குது பாருங்க, அங்கதான் கரையான் அரிச்சாப்பல தின்னிருக்கும். நனையோணும், காயோணும், மறுக்கா நனையோணும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்னு வேளாண்மை ஆபீசர் சொல்லுவாரே, அதே முறைதான் துருவுக்கும்.

இப்ப உங்க கைங்கரியத்துக்கு வருவோம்.

கூலன்ட்டை எறக்கிப் போட்டா உள்ள துரு புடிக்காதுன்னு எங்கயோ பாத்தீங்க. பாதி உண்மை அது. ரேடியேட்டருக்கு அடியில இருக்கற டேப்பைத் திறந்து உட்டீங்க. பச்சையா வந்துச்சு, கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. "அவ்வளவுதான், காலி"ன்னு டேப்பைத் திருகிப்போட்டு, மேல மூடியையும் இறுக்கிச் சாத்திட்டு, கையைத் தொடைச்சுட்டுப் போயிட்டீங்க.

ஏனுங்க மாப்ள, ரேடியேட்டர் காலி. பிளாக்கு?

பிளாக்குக்குப் பக்கவாட்டுல தனியா ஒரு டேப்போ திருகோ இருக்குமுங்க. அதைத் திறக்காத வரைக்கும் சிலிண்டரைச் சுத்தியிருக்கற சந்துல தண்ணி நிக்கும். குளத்துல மதகைத் திறந்து உட்டா குளமெல்லாம் காலியாயிருமா? மதகு மட்டத்துக்குக் கீழ இருக்கற சேத்துத் தண்ணியை ஆரு எறைப்பா? நேத்து நான் அந்த ரெண்டாவது திருகைக் கழட்டுனேன். வரவே இல்ல. சைக்கிள் கம்பியை உட்டு நோண்டுனேன். அப்பறம் வந்துச்சு பாருங்க, குங்குமம் கரைச்சாப்பல. கால் பக்கெட்டு இருக்கும்.

ஆக, அடியில தண்ணி, மேல காத்து, சுவரெல்லாம் ஈரம், மூடி இறுக்கமாச் சாத்தியிருக்குது. மேல தகர சீட்டு. பகல்ல அனல், விடியக்காலைல சில்லுனு ஆயிரும். சாத்துன சட்டிக்குள்ள ஆவி வேர்த்துச் சொட்டற மாதிரி உள்ளுக்குள்ளயே மழை பெஞ்சிருக்குது. நம்மூருக்கு மழை இல்லீன்னு நாங்க மாரியாத்தா கோயிலுக்குப் பொங்கல் வெக்கறோம், நீங்க இன்ஜினுக்குள்ள தெனமும் மழையை எறக்கியிருக்கறீங்க. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் உண்டு மாப்ள, எழுதிப் போட்டுப் பாருங்க.

கூலன்ட்டை எறக்காம அப்படியே உட்டிருந்தாக்கூட இவ்வளவு வெள்ளாமை வந்திருக்காது. ரொம்பித் தண்ணி நின்னிருந்தா காத்துக்கு எடமில்ல. முச்சூடும் எறக்கிக் காய வெச்சிருந்தா தண்ணிக்கு எடமில்ல. நீங்க ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டு பேருக்கும் எடம் போட்டுக் குடுத்துட்டீங்க. சம்பந்தி வீடு ரெண்டையும் ஒட்டுக்கா உக்கார வெச்சு விருந்து போட்ட மாதிரி.

அதுக்கு முந்தி ஒரு கதை இருக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னால, உங்க டிராக்டர் ஓட்டற பையன் "ரேடியேட்டர்ல தண்ணி கொறையுதுங்க, என்ன ஊத்தட்டும்?"னு உங்களுக்குப் போன் போட்டானாமே. நீங்க என்ன சொன்னீங்க? "பச்சைத் தண்ணிதான், ஊத்து"ன்னீங்களாம். நீங்க சொன்னது பச்சை நெறத்துல இருக்கற கூலன்ட்டு. அவன் கேட்டது பச்சைத்தண்ணி. போர்வெல் குழாயைத் திருப்பி, ஒரு கொடம் புடிச்சு ஊத்திட்டான். அவன் மேல தப்பில்ல. பச்சைத்தண்ணின்னா வெறுந்தண்ணின்னு எங்கம்மா காலத்துல இருந்து அர்த்தம். நீங்கதான் இங்கிலீசுல படிச்சுப்போட்டு, நெறத்தைத் தமிழ்ல சொல்லிட்டீங்க.

நம்ம போர்வெல் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? வெந்நீர் காயவெக்கற அண்டாவுக்குள்ள கையை உட்டுப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் படை கட்டியிருக்கும். அந்தப் படை இன்ஜினுக்குள்ள கட்டுனா சூடு வெளிய போவாது. சட்டிக்கு வெளிய கம்பளி போத்துன மாதிரி. அதுல உப்பும் சேந்திருந்தா துருவுக்கு அதுதான் தழையுரம். உப்புத் தண்ணி நடுவுல நின்னா, இரும்பும் பித்தளையும் அலுமினியமும் சேந்து பேட்டரியாட்டம் வேலை செய்யும். அதுல ஒண்ணு மத்ததுக்காகக் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமக கரையற மாதிரி.

கோயமுத்தூர்க்காரனுக்குச் சிறுவாணித் தண்ணி இருக்குது, குடிச்சா இனிக்கும், உப்புப் படையும் கம்மி. நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல. அதனால கூலன்ட்டுல கலக்கறதுக்குப் பேட்டரிக்கு ஊத்தற வாலைத்தண்ணியைத்தான் வாங்கோணும். குடிக்கற பாட்டிலை வாங்கற காசுதான் மாப்ள, அதை இன்ஜினுக்குக் குடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு?

"நம்மூர்ல பனியா பேயுது, எதுக்கு மாமா கூலன்ட்டு?"ன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. காங்கேயத்துல பனிக்கட்டி பாக்கோணும்னா சர்பத் கடைக்குத்தான் போவோணும். ஊட்டியில தை மாசம் உறைபனி விழும், அங்க வெறுந்தண்ணியை உட்டு வெச்சா ஆபத்து. தண்ணி கட்டியாவறப்ப நூத்துக்கு ஒம்போது பங்கு பெருக்கும், வார்ப்பிரும்பையே வெடிக்க வெச்சுரும். நமக்கு அந்தப் பயம் இல்ல. ஆனா கூலன்ட்டுங்கறது உறையாம இருக்கறதுக்கு மட்டும் இல்லீங்க. கிளைக்கால்னு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, இது ரெண்டோடயும் சொற்பமா மருந்து கலந்திருப்பாங்க. அந்த மருந்துதான் இரும்பு மேல மெல்லிசா ஒரு தோல் கட்டி, காத்தும் தண்ணியும் அண்டாம காக்கறது.

டெல்லியில குதுப்மினார் பக்கத்துல ஒரு இரும்புத் தூண் 1600 வருசமா வெயில்லயும் மழையிலயும் நிக்குதே, அது பெருசா துருவேறாம நிக்கறதுக்கும் தோல்தான் காரணம். அந்தக் காலத்து இரும்புல பாஸ்பரஸ் எச்சா இருந்ததால தானாவே ஒரு தோல் கட்டிக்கிச்சு. உங்க பிளாக்குக்கு அந்த யோகம் இல்ல, காசு குடுத்துத்தான் தோல் போர்த்தோணும். அந்தத் தூணுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. அதுக்கு ரேடியேட்டர் கெடையாது, பெங்களூர்ல மருமகனும் கெடையாது.

அந்த மருந்துக்கும் ஆயுசு இருக்குதுங்க. பழைய வகை ரெண்டு வருசம், நீடிச்சு உழைக்கற வகை அஞ்சு வருசம்னு டப்பாவுலயே போட்டிருப்பான். வண்டி ஓடலீன்னாலும் வருசம் ஓடுமில்ல? தெளுவு எப்படி? எறக்குன அன்னைக்கு இனிக்கும். ஒரு நாள் உட்டாக் கள்ளு. அதையும் உட்டாக் காடி. கூலன்ட்டும் அப்படித்தான், மொதல்ல இனிப்பு, வருசம் ஆக ஆகப் புளிச்சு அமிலமாயிரும். காவக்காரனே திருடனாயிட்ட கதை. உள்ள இருக்கறது நல்லதா கெட்டதான்னு நெறத்தை வெச்சுச் சொல்ல முடியாது. பச்சை, செவப்பு, ஆரஞ்சு எல்லாம் சாயம்தான். ஒரு வகைக்குள்ள இன்னொரு வகையைக் கலக்கறதும் ஆகாது, ரெண்டு மருந்தும் ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கும்.

இனிப்புன்னு சொன்னேனில்ல, அதுல ஒரு விசயம். இதை மட்டும் கேலியா எடுத்துக்காதீங்க. நீங்க எறக்குன கூலன்ட்டை அகலச் சட்டியில புடிச்சு, அப்படியே கட்டுத்தரை ஓரமா வெச்சுட்டுப் போயிட்டீங்க. அது இனிக்கற வெசம். நாய் நக்குனாலும் கண்ணுக்குட்டி வாய் வெச்சாலும் சிறுநீரகம் போயிரும், கொழந்தைக குடிச்சாலும் அதே கதிதான். உங்காத்தா அன்னைக்குப் பாக்காம இருந்திருந்தா, அந்த மயிலைக் கண்ணு இன்னைக்கு இல்ல. மூடி இருக்கற கேன்ல புடிங்க, பேர் எழுதுங்க, பழைய ஆயில் எடுத்துக்கற பட்டறையில குடுங்க. கெணத்து மேட்டுலயும் வாய்க்காலுலயும் கொட்டாதீங்க.

அப்பறம் உங்க வெள்ளாமைக்கு மேலுரம் ஒண்ணு போட்டீங்களே, அதைச் சொல்லாம உட்டா எனக்குச் சோறு எறங்காது. "வாரம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைய்யி"ன்னு அந்தப் பையனுக்கு உத்தரவு. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்கொறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் பொறக்குதுன்னு உங்களுக்கு ஆராவது சொன்னாங்களா? இன்ஜின் நல்லாச் சூடேறுனா அது பொகையோட வெளிய போயிரும். அஞ்சு நிமிசத்துல என்ன சூடேறும்? சைலன்ஸர்லயும் சம்ப்புலயும் வேர்த்து நிக்கும். ஆயிலோட கலந்தா மோராட்டம் வெளுக்கும். ஓட்டறதுன்னா ஏர் மாட்டி அரை மணி நேரம் நெசமா உழுங்க. இல்லாட்டித் தொடாதீங்க. தூங்கறவனை வாராவாரம் எழுப்பி, பல்லு மட்டும் வெளக்க வெச்சுத் திரும்பப் படுக்கப் போடறதுல என்ன புண்ணியம்? அதுலயும் நீங்க கூலன்ட்டை எறக்குனது அந்தப் பையனுக்குத் தெரியாது. தண்ணி இல்லாத இன்ஜினை அவன் அஞ்சு நிமிசம் ஓட்டியிருந்தா? நல்லவேளை, பேட்டரி செத்துக் கெடந்துச்சு. உங்க சோம்பேறித்தனம் ஒண்ணு உங்க இன்னொரு சோம்பேறித்தனத்தைக் காப்பாத்திருச்சு.

நம்மூரு மண்ணு ஏன் செவப்பா இருக்குதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா? இரும்புதான். அதுவும் துருவேறுன இரும்பு. இங்கிருந்து சென்னிமலைப் பக்கம் போனா நொய்யல் கரையில கொடுமணல்னு ஊரு. தோண்டிப் பாத்து, 2000 வருசத்துக்கு முந்தியே அங்க ஒலை வெச்சு இரும்பு உருக்குனாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. நம்ம பாட்டன் பூட்டனுக எங்கயோ கெடந்த இரும்புக் கல்லை ஊதி ஊதி நெருப்புல வேகவெச்சு இரும்பாக்குனாங்க. அவங்க அத்தனை பாடுபட்டுப் பண்ணுனதை, ஒரே ஒரு திருகைக் கழட்டாம உட்டு, மறுக்காச் செம்மண்ணாக்குன பெருமை உங்களுக்குத்தான். டிராக்டரும் செவப்பு, உள்ளயும் செவப்பு. மேட்சிங் பாத்துத்தான் பண்ணியிருக்கறீங்க.

மூஞ்சி வாடுது. சரி, காப்பி குடிங்க. இந்த வெள்ளாமையை நம்ம வம்சத்துல மொதல்ல பண்ணுனது நீங்க இல்ல மாப்ள. நாந்தான்.

எங்கய்யன் கெணத்துல கவலை ஓட்டித் தண்ணி எறைச்ச மாட்டை வித்துப்போட்டு ஒரு ஆயில் இன்ஜின் வாங்குனாரு. லிஸ்டர்னு வெள்ளைக்காரன் 1929 வாக்குல பண்ணுன மாடலைப் பாத்து ராஜ்கோட்டுல வார்த்தது. ரெண்டு பக்கமும் தேர்ச் சக்கரமாட்டம் பிளைவீலு. நிமிசத்துக்கு 650 சுத்து, அதுக்கு மேல அவசரப்படாது. டுக்கு டுக்குன்னு அது போடற சத்தத்தை இட்டேரியில வர்றப்பவே கேட்டுப்போட்டு, "அய்யன் தண்ணி கட்டறாரு"ன்னு சொல்லிருவோம். அதுக்கு ரேடியேட்டர் கெடையாது. கெணத்துத் தண்ணியில ஒரு கிளைப் பைப்பு போட்டு, அது இன்ஜினைச் சுத்திக் குளுமை பண்ணிப்போட்டு வாய்க்காலுக்கே வந்து விழுந்துரும். அந்தச் சூட்டுத் தண்ணியிலதான் நாங்க காலு கழுவுவோம்.

அப்பறம் மோட்டார் வந்துச்சு. கரண்டு போனா இருக்கட்டும்னு இன்ஜினையும் வெச்சிருந்தோம். 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இலவசம்னு சொன்னதும், டீசல் ஊத்தற இன்ஜினை ஆரு சீந்தறா? ஒரு நாள் அடியில இருக்கற டேப்பைத் திறந்து உட்டேன். செவப்பா ஒரு டம்ளர் வந்துச்சு, நின்னுபோச்சு. "காலி"ன்னு சொல்லிப்போட்டு, கையைத் தொடைச்சுட்டு வந்துட்டேன். உங்களாட்டமேதான். அந்தக் கையைத் தொடைக்கற பழக்கம் நம்ம குடும்பத்துச் சொத்து.

பல வருசம் கழிச்சு, நாள்ல பாதி கரண்டு இல்லாத ஒரு கோடையில, மஞ்சள் காடு வாடுது. ஓடிப் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுத்துனேன். அசையல. நானும் பண்ணயத்தாளும் சேந்து தொங்குனோம், அப்பவும் அசையல. மெக்கானிக்கு வந்து ஹெட்டைக் கழட்டுனாரு. தண்ணி ஓடற சந்து முச்சூடும் செஞ்சேறு, மம்முட்டி போட்டு வாரலாம். நான் திறந்த டேப்புக்குப் பின்னாலயே சேறு அடைச்சிருக்குது. தண்ணி இல்லாம நிக்கல மாப்ள, வழி இல்லாம நின்னிருக்குது. துரு சும்மா இரும்பைத் தின்னுட்டுப் போவாது, தின்ன இரும்பைவிடப் பல மடங்கு எடத்தை அடைச்சுக்கும். உள்ளயே இருந்த அந்தத் தண்ணி கேஸ்கெட்டைக் கடந்து போருக்குள்ள எறங்கி, பிஸ்டன் ரிங்கும் சுவரும் கல்யாணம் பண்ணிக்கிச்சு. பிரிக்க முடியல. எடைக்குத்தான் போட்டேன். எங்கய்யன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல, திண்ணையில உக்காந்து அந்த வண்டி இட்டேரியில திரும்பற வரைக்கும் பாத்துட்டே இருந்தாரு. கவலை ஓட்டறது நின்னுபோச்சு, கவலை மட்டும் நிக்கல.

அதனால இப்ப கேலியை அக்கட்ட வெச்சுப்போட்டுச் சொல்றேன். வழி ரெண்டுதான், நடு வழி கெடையாது.

மொதல் வழி, ரொப்பி வெக்கறது. ஒரு வருசம் ரெண்டு வருசம் நிக்கும், நடுவுல தேவைப்பட்டா எடுப்போம்ங்கற வண்டிக்கு இதுதான் தோது. பழசை ரெண்டு திருகுலயும் எறக்குங்க. செவப்பு போய்த் தெளிவா வர்ற வரைக்கும் நல்ல தண்ணி உட்டு அலசுங்க. புதுக் கூலன்ட்டை டப்பாவுல போட்ட அளவுக்கு வாலைத்தண்ணியில கலந்து ஊத்துங்க. கலக்கக் கூடாத ரெடிமேட் வகைன்னா அப்படியே ஊத்துங்க. இன்ஜினை ஓட்டி, மேல் ஹோஸ் நல்லாச் சூடாவற வரைக்கும் உடுங்க. அப்பத்தான் தெர்மாஸ்டாட் திறந்து மருந்து எல்லாச் சந்துக்கும் போவும், உள்ள மாட்டுன காத்தும் வெளிய வரும். "தெர்மாஸ்டாட் எதுக்குங்க, கழட்டி வீசிரலாம்"னு எவனாச்சும் சொன்னா, அவனுக்கு ஒரு கும்புடு போட்டு அனுப்புங்க. ஆறுன பொறகு கழுத்து வரைக்கும் ரொப்பி மூடுங்க. ஆயுசு முடியற வருசம் மாத்துங்க. ரப்பர் ஹோஸும் பம்ப்பு சீலும் இதுல காயாம இருக்கும்.

ரெண்டாவது வழி, ஒட்டக் காய வெக்கறது. உள்ள வெறுந்தண்ணிதான் இருக்குது, இல்ல பல வருசத்துக்கு இதைத் தொட மாட்டோம்னா இது. இன்ஜினைச் சூடேத்தி நிறுத்துங்க. கொதிக்கக் கொதிக்க மூடியைத் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் மூடியை எடுத்துட்டு, ரெண்டு திருகையும் கழட்டுங்க. கம்பி உட்டு நோண்டுங்க. வந்ததை அளந்து, புக்குல போட்ட அளவோட ஒத்துப் பாருங்க. கொறைஞ்சா, உள்ள இருக்குதுன்னு அர்த்தம். "நின்னுபோச்சு"ங்கறதும் "தீந்துபோச்சு"ங்கறதும் ஒண்ணில்ல மாப்ள, இதுக்கு நான் ஒரு இன்ஜினைப் பீசாக் கட்டியிருக்கறேன். அப்பறம் பஞ்சர் கடைக் காத்தை உட்டு ஊதி, எல்லாத்தையும் திறந்தபடி ரெண்டு மூணு நாள் சித்திரை வெயில்ல நிறுத்துங்க. பழைய மெக்கானிக்குக, கடைசியா ஓட்டறப்ப லேத்துல பாலாட்டம் ஊத்தற எண்ணெயைத் தண்ணியில கலந்து ஓட்டிப்போட்டு எறக்குவாங்க, சுவர்ல மெல்லிசா எண்ணெய் புடிச்சுக்கும். திரும்ப எடுக்கறப்ப அதை அலசோணும். காஞ்ச பொறகு ஓட்டைகளைத் துணி வெச்சு அடைங்க, இல்லாட்டிக் குளவி கூடு கட்டிரும். வருசம் கழிச்சு எடுக்கறப்ப ஹோஸையும் சீலையும் பாத்துத்தான் ஓட்டோணும், காஞ்சு வெடிச்சிருக்கும்.

மத்ததெல்லாம் சில்லறை வேலை. நிறுத்தறதுக்கு முந்தி ஆயிலை மாத்துங்க, பழைய ஆயில்லயும் அமிலம் இருக்கும். டீசல் டேங்கை ரொப்பி வைங்க, காலி டேங்கு வேர்க்கும். பொகைக் குழாய் வாயில கொட்டாங்குச்சியோ டப்பாவோ கவுத்துங்க. ஏர் கிளீனர்ல எலி குடி வராமப் பாத்துக்கோங்க. பேட்டரி ஒயரைக் கழட்டுங்க.

உங்க டிராக்டருக்கு மொதல் வழிதான் சரி. நேத்தே நான் அலசிப் பாத்துட்டேன், பதினோராவது பக்கெட்டுலதான் தண்ணி தெளிஞ்சுது. பிளாக்கு பொழைச்சுக்கும். எங்கய்யனோட இன்ஜினுக்குக் கெடைக்காத ஆயுசு இதுக்குக் கெடைச்சிருக்குது. கூலன்ட்டும் வாலைத்தண்ணியும் காங்கேயத்துல வாங்கிட்டு வாங்க, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுப் போடலாம். பஸ்ஸு ராத்திரிதானே?

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். எந்த வழி பண்ணுனாலும் ஒரு அட்டையில எழுதி ஸ்டீயரிங்குல கட்டிப்போடுங்க. என்னைக்கு ஊத்துனது, இல்ல உள்ள தண்ணி இல்ல, ஸ்டார்ட் பண்ணாதேன்னு. தமிழ்ல எழுதுங்க. பச்சைத்தண்ணின்னு மட்டும் எழுதிராதீங்க.